கெசையா பார்ஜெட்டர் விட்டுக்கொடுத்த புள்ளி

ஹார்ப்ரூக் டென்னிஸ் கிளப்பில் ஒருவருக்கும் கெசையா பார்ஜெட்டரைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கெசையாவுக்கும் அங்கே ஒருவரையும் பிடிக்காது. அப்படியிருந்தும் அவள் பதினான்கு கோடைகள் அங்கே ஆடினாள். வெளியே போ என்று சொல்ல அவர்களுக்கு வாய் துடித்தது, ஆனால் சொல்ல முடியவில்லை. அவர்கள் நின்றுகொண்டிருந்த புல் அவள் அப்பாவுடையது.

அப்பா ஜேபஸ் பார்ஜெட்டருக்குக் கடைத்தெருவில் தானியக் கடை. ஓட்ஸ், தவிடு, காய்ந்த பட்டாணி, புல் விதை. சுற்றுவட்டாரத்தில் குதிரை வைத்திருக்கும் எந்தப் பெரிய வீடும் ஜேபஸ் இல்லாமல் ஒரு வாரம் தாங்காது. ஆனாலும் அந்த வீட்டுக்காரர்கள் கடைப்படி மிதிக்க மாட்டார்கள், குதிரைக்காரனைத்தான் அனுப்புவார்கள். 1882-ல் பெரிய வீடுகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் டென்னிஸ் பைத்தியம் பிடித்தது. மேடும் பள்ளமுமான அந்த ஊரில் பலகை போட்டதுபோலச் சமமாக இருந்த நிலம் ஒன்றே ஒன்றுதான், ஜேபஸ் வைக்கோலுக்காக விட்டிருந்த புல்வெளி. கேப்டன் மாஸ்டின் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடைக்குள் வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

"எத்தனை வருஷத்துக்கு வேணும்?" என்றார் ஜேபஸ்.

"நாப்பது."

"தர்றேன். பத்திரத்துல ஒரு வரி எழுதணும். எம் பொண்ணு கெசையா அங்க ஆடுவா."

கேப்டன் இருமினார். "மிஸ்டர் பார்ஜெட்டர், எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா பொண்ணுக்கு அங்க சங்கடமா இருக்காதா?"

"அவளுக்கு இருக்காது. உங்களுக்கு இருந்தா வேற எடம் பாருங்க. ஆத்தோரமா ஒரு வயல் இருக்கு. ஆறு மாசம் புல்லு, ஆறு மாசம் வாத்து."

கேப்டன் கையெழுத்துப் போட்டார். ஜேபஸுக்கு டென்னிஸ் என்றால் தின்பதா குடிப்பதா என்று தெரியாது. கதவைச் சாத்துகிறவர்களின் வாசலில் காலை வைத்துவிட வேண்டும் என்பது மட்டும் தெரியும். அந்தக் காலின் மேல் கதவு எத்தனை தடவை வந்து மோதும் என்று அவர் யோசிக்கவில்லை. கால் மகளுடையது அல்லவா.

கெசையாவுக்கு அப்போது பதினெட்டு. கிடங்குச் சுவரில் வலை உயரத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டு, ஒரு குளிர்காலம் முழுக்கப் பந்தை அடித்தாள். சுவர் தப்பே செய்யாத எதிராளி. ஓட்ஸ் மூட்டையை ஒரே தம்மில் தோளுக்கு ஏற்றுகிறவளுக்கு மட்டை ஒரு சுமையே இல்லை. பெரிய வீட்டுப் பெண்கள் கோட்டுக்குப் பின்னால் நின்று, பந்து ஒரு தடவை குதித்து, மூச்சு வாங்கிக்கொண்டு வரும்வரை காத்திருந்து, மெல்லத் தட்டி அனுப்புவார்கள். கெசையா வலைக்கு ஓடிவந்து, பந்து தரையைத் தொடும் முன்பே அறைந்துவிடுவாள். பாவாடை மட்டும் மூன்று படி ஓட்ஸின் எடை, உள்ளே விலா எலும்பை நெரிக்கும் கச்சை. அதோடுதான் ஓடினாள்.

"பொம்பள ஆடற ஆட்டமா இது? ஈ அடிக்கிறா," என்றார்கள் நாற்காலிகளில் இருந்தவர்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் சமமாக இருந்ததால், வேறு கோணல் தேட வேண்டியிருந்தது.

அந்தக் கோணல் அடுத்த கோடையிலேயே கிடைத்தது. கிளப்பின் முதல் போட்டி, முதல் சுற்று. கெசையா அடித்த பந்து ஒன்று கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி விழுந்தது. நடுவர் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உள்ளே," என்றார். நடுவர் சொன்னால் சொன்னதுதானே என்று கெசையா அடுத்த பந்தைப் போட்டாள், அந்தப் புள்ளியையும் எடுத்தாள், ஆட்டத்தையும் ஜெயித்தாள். எதிராளி நீட்டிய கை மீன்போலச் சில்லிட்டிருந்தது. தேநீர் மேசையில் அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன.

தொப்பி மாட்டும் அறையில் விஷயத்தைச் சொன்னவள் லவினியா டெவெரல். மாஜிஸ்ட்ரேட் டெவெரலின் மகள், கெசையாவைவிட ஒரு வயது மூத்தவள். கிளப்பில் அழகாக ஆடுகிறவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். ஊசியைக்கூடத் தேனில் தோய்த்துத்தான் குத்துவாள்.

"உங்கமேல தப்பு இல்ல, மிஸ் பார்ஜெட்டர். யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க."

"என்னத்த?"

"நடுவர் தப்பா நமக்குச் சாதகமா ஒரு புள்ளி குடுத்துட்டா, அடுத்த புள்ளிய நாம வேணும்னே விட்டுடணும். வலையில அடிச்சிடணும்."

"அப்படிச் சட்டத்துல இல்லியே. நான் புஸ்தகத்த முழுசா படிச்சேனே."

லவினியா தொப்பியில் ஊசியைச் செருகிக்கொண்டே சிரித்தாள். "புஸ்தகத்துல எழுதி வைக்கற அளவுக்கு அது எங்களுக்குப் புதுசு இல்ல. கடையில வேற மாதிரி போல. தராசு உங்க பக்கம் சாஞ்சா, சாஞ்சதுதான்."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் கெசையா பொறுத்திருப்பாள். எடையைச் சொன்னதும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஜேபஸ் பார்ஜெட்டரின் தராசை நாற்பது மைல் சுற்றில் யாரும் சந்தேகித்ததில்லை. அன்றிலிருந்து கிளப்பில் அவளுக்குத் தவிட்டு மூட்டை என்று பெயர். பின்னால் சொன்னார்கள். பிறகு முன்னாலேயே, அவளுக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும் மெதுவாகச் சொன்னார்கள்.

இரண்டு கோடைகள் அவள் அந்தப் பெயரைத் துடைக்கப் பாடுபட்டாள். சந்தேகம் வந்த பந்துக்கெல்லாம் அடுத்த புள்ளியை விட்டுக்கொடுத்தாள், சில சமயம் சந்தேகமே இல்லாத பந்துக்கும் விட்டாள். யாரும் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவளுக்கு அப்போது என்ன வேண்டியிருந்தது என்றால், வெட்கத்தை விட்டுச் சொல்வோமே, அந்த நாற்காலிகளிலிருந்து ஒரே ஒரு கைதட்டு. அவர்களை வெறுத்தாள், அவர்கள் கைதட்டவும் வேண்டும் என்று ஏங்கினாள். இரண்டும் ஒரே நெஞ்சில் இருக்கும், இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

1885, ஜூலை. இறுதி ஆட்டம், கெசையாவுக்கும் லவினியாவுக்கும். காலையில் மழை பெய்து கோடுகளெல்லாம் கரைந்துவிட்டதால், சாப்பாட்டு வேளைக்குப் பிறகு புதிதாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஜேபஸின் கிழட்டுக் குதிரை, புல் குழியாமல் இருக்கக் குளம்புகளில் தோல் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, உருளையை இழுத்துவிட்டுப் போனது. சுண்ணாம்பு காய்வதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. பக்கக் கோட்டைப் பார்க்க, உதவிப் பாதிரியார் ஸ்னெல்லை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். கண்ணாடி போட்டாலும் மாதா கோவில் கதவைத் தடவித்தான் திறப்பார் என்று ஊர் கேலி பேசும் மனிதர். வேறு யாருக்கும் அந்த வெயிலில் ஸ்டூலில் உட்கார மனமில்லை.

ஆளுக்கொரு செட். மூன்றாவதில் கெசையா ஐந்துக்கு நான்கு முன்னால். முப்பதுக்கு முப்பது. இன்னும் இரண்டு புள்ளிகள் எடுத்தால் வெள்ளிக் கோப்பை அவளுக்கு. பந்து வெகுநேரம் போய்வந்த பிறகு கெசையா ஒரு பந்தை லவினியாவின் வலது பக்கம், கோட்டை ஒட்டி ஓங்கி அடித்தாள். லவினியா ஓடினாள், எட்டவில்லை.

"உள்ளே," என்றார் ஸ்னெல்.

லவினியா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்னெல்லின் கண்ணாடியைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள். ஒரு எட்டு வைத்து அங்கே போய் நின்றாள். பிறகு புருவத்தை லேசாக உயர்த்தி, நாற்காலிகளின் பக்கம் திரும்பி, போனால் போகிறது என்பதுபோல ஒரு புன்னகை. அவ்வளவுதான். நாற்காலிகளிலிருந்து "ஆ..." என்று ஒரு முனகல் எழுந்தது. ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள்.

கெசையா வலைக்கு இந்தப் பக்கம், நாற்பது அடி தள்ளி நின்றாள். அங்கிருந்து அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியவில்லை. ஸ்னெல்லுக்குக் கண் தெரியாது என்பது தெரியும். லவினியாவின் புருவம் தெரிந்தது. அறுபது பேர் தன்னையே பார்ப்பது தெரிந்தது. தவிட்டு மூட்டை இப்போது என்ன செய்யப் போகிறாள்? இன்னும் ஒரு புள்ளி, கோப்பை கைக்குள். தராசு அவள் பக்கம் சாய்ந்துவிட்டது.

பந்தைப் போட்டாள். லவினியா திருப்பி அனுப்பியது, தூங்குகிறவள்கூட அடிக்கக்கூடிய பந்து. கெசையா அதை நிதானமாக, எல்லோருக்கும் தெரியும்படி, வலையின் அடியில் அடித்தாள்.

கைதட்டினார்கள். முதலில் கேப்டன் மாஸ்டின், பிறகு மற்ற எல்லோரும். லவினியா இடது உள்ளங்கையில் மட்டையைத் தட்டினாள். கெசையாவுக்குக் காது அடைத்தது, கண் நிறைந்தது. மூன்று வருடமாக நின்ற வாசலில் கதவு திறந்துவிட்டது என்று நினைத்தாள், பாவி. அந்தச் சந்தோஷத்தில் அடுத்த இரண்டு புள்ளிகளும் போயின. அதற்கடுத்த இரண்டு கேம்களும் போயின. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. கோப்பையை லவினியா வாங்கிக்கொண்டாள்.

தோற்றதுகூட அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. சிரித்த முகத்தோடு, வலைக்கு அந்தப் பக்கம் நாற்காலி ஒன்றில் போட்டிருந்த தன் சால்வையை எடுக்கப் போனாள். போகிற வழியில் அந்தக் கோட்டைப் பார்த்தாள்.

கோட்டில் ஓர் இடத்தில் ஈரச் சுண்ணாம்பு வழிக்கப்பட்டிருந்தது. அங்கிருந்து வெளிப்பக்கமாக, கட்டைவிரல் நீளத்துக்குப் புல்லில் ஒரு வெள்ளை இழுப்பு. பந்து கோட்டில் விழுந்து, சுண்ணாம்பை இழுத்துக்கொண்டு போன தடம். உள்ளங்கை நெல்லிக்கனிபோலத் தெளிவாக இருந்தது. அதன் மேல் இன்னொரு தடம், புல்லோடு சேர்த்துத் தேய்த்த ரப்பர் செருப்பின் வரிகள். கெசையா தலையைத் தூக்கினாள். தேநீர்ப் பந்தலின் கீழே லவினியா கோப்பையோடு நின்றாள். அவளுடைய கறுப்புச் செருப்பின் ஓரத்தில் வெள்ளை ஒட்டியிருந்தது.

கெசையா நேராகப் பந்தலுக்குள் போனாள். வெள்ளரி வைத்த ரொட்டியும் ஸ்ட்ராபெரியும் சுற்றி வந்துகொண்டிருந்தன. ஒரு அம்மாள் அன்றைக்கு முதன்முதலாகக் கெசையாவுக்கு ஒரு தட்டை நீட்டினாள். கெசையா அதைக் கண்டுகொள்ளவில்லை.

"மிஸ் டெவெரல், அந்தப் பந்து கோட்டுலதானே விழுந்துச்சு?"

லவினியா கோப்பையை மேசைமேல் வைத்தாள். "எந்தப் பந்து?"

"உங்க செருப்புல ஒட்டியிருக்கே, அந்தப் பந்து."

"மிஸ் பார்ஜெட்டர்," என்றாள் லவினியா, குழந்தையிடம் பேசுகிற குரலில். "நான் ஒண்ணும் சொல்லலியே. பாத்தேன், அவ்வளவுதான்."

"நான் உள்ளேன்னுதான் சொன்னேன்," என்றார் ஸ்னெல் மூலையிலிருந்து. "தெளிவா பாத்தேன். சுண்ணாம்பு தெறிச்சுது." எல்லோரும் சிரித்தார்கள். அந்த மனிதர் எதையாவது தெளிவாகப் பார்த்தேன் என்றால் சிரிப்பது ஊர் வழக்கம். அவருக்குக் காதுவரை சிவந்துவிட்டது. அன்றைக்கு அந்தத் திடலில் ஒழுங்காகக் கண் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

கேப்டன் மாஸ்டின் கெசையாவின் முழங்கையைத் தொட்டார். "இவ்வளவு நல்லா நடந்துக்கிட்டீங்க. இப்ப எதுக்கும்மா கெடுத்துக்கறீங்க?"

"கோட்டப் போய்ப் பாருங்க, கேப்டன். எழுந்து நாலு எட்டு வைங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. அதைத்தான் கெசையாவால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. ஏமாற்றியவள் ஒருத்தி. போய்ப் பார்க்காதவர்கள் அறுபது பேர். அரை மணி நேரத்தில் மறுபடி மழை வந்து கோட்டைக் கழுவிவிட்டது.

வீட்டில் ஜேபஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இனிமே போகாத கண்ணு. பத்திரத்துல அந்த வரிய அடிச்சிடறேன்," என்றார்.

"அடிச்சீங்கன்னா நான் வீட்ட விட்டே போயிடுவேன்பா. எனக்கு அவங்க தயவு வேணாம். அந்தப் புல்லு வேணும். அவ வாயால, பந்து உள்ளதான் விழுந்துச்சுன்னு சொல்லணும். அது வரைக்கும் நான் அந்த எடத்த விடமாட்டேன்."

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளுடைய ஆட்ட வாழ்க்கை. பழைய போட்டிப் பட்டியல்களைப் புரட்டினால் 'மிஸ் கே. பார்ஜெட்டர்' என்று பொடி எழுத்தில் கிடைக்கும். 1886 இறுதி ஆட்டத்தில் லவினியாவை ஆறுக்கு ஒன்று, ஆறுக்குப் பூஜ்யம் என்று துவைத்து எடுத்தாள். நடுவில் ஒரு பந்து லவினியாவின் தொப்பியைத் தூக்கி எறிந்தது. நாற்காலிகள் அலறின. மன்னிப்புக் கேட்கச் சொன்ன நடுவரிடம் கெசையா, "நான் ஒண்ணும் சொல்லலியே. பாத்தேன், அவ்வளவுதான்," என்றாள். லவினியா முகத்தில் ஈயாடவில்லை. அந்த வருடமும், அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் கோப்பை கெசையாவுக்கே. யாரும் கைதட்டவில்லை. கேப்டன் கோப்பையை நீட்டுவார், கெசையா வாங்குவாள், இருவரும் ஆளுக்கொரு பக்கம் நடப்பார்கள்.

தொடர்ந்து மூன்று வருடம் ஜெயித்தால் கோப்பை ஜெயித்தவருக்கே சொந்தம் என்பது வழக்கம். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி அலமாரியில் பூட்டுவாள் என்றுதான் நினைத்திருந்தார்கள். அவள் அதைக் கடையில் தவிட்டுப் பெட்டிக்குள் போட்டாள், அளவைக்கு. வாய்வரை நிரப்பித் தட்டினால் சரியாக அரைப்படி. குதிரைக்காரர்கள் போய் எஜமானர்களிடம் சொன்னார்கள். கேப்டன் இரண்டாம் தடவையாகக் கடைப்படி ஏறினார்.

"மிஸ் பார்ஜெட்டர், அது வெள்ளி!"

"தெரியும் கேப்டன். தகரம் நசுங்கிடுது. இது நசுங்கறதில்ல."

வெளியூர்ப் போட்டிகளுக்கு மூன்றாம் வகுப்பு ரயிலில் போனாள். மடியில் மட்டை, தலைக்கு மேலே பரணில் யாருடைய கோழிக்கூடையோ. எந்த பார்ஜெட்டர் என்று கேட்கிறவர்களிடம், தவிட்டு பார்ஜெட்டர் என்று அவளே சொல்லிவிடுவாள். அங்கெல்லாம் ஜெயித்தாள், கைதட்டும் வாங்கினாள். ஆனால் ஊருக்கு வெளியே வாங்கிய கைதட்டை மதிக்க அவளால் முடியவில்லை. நடுவர் தனக்குச் சாதகமாகத் தப்புச் செய்தால், அடுத்த பந்தை இன்னும் பலமாக அடித்தாள். 1896-ல் இடது முட்டி மடங்கியது. மட்டையைக் கிடங்கில் எலிப்பொறிக்குப் பக்கத்தில் மாட்டினாள். ஜேபஸ் போய்ச் சேர்ந்த பிறகு கடை அவளுடையது, புல்வெளி அவளுடையது. ஹார்ப்ரூக்கில் அவளுக்குக் கிடைத்த ஒரே கைதட்டு, அவள் தூக்கி எறிந்த புள்ளிக்குக் கிடைத்தது. அதை நினைத்தால் முப்பது வருடம் கழித்தும் அவளுக்குக் காது சூடாகும்.

லவினியா, கேப்டன் மாஸ்டினின் தம்பி மகனைக் கட்டிக்கொண்டு மிஸஸ் மாஸ்டின் ஆனாள். பிறகு கிளப்பின் தலைவியும் ஆனாள். ஒரே தெருவில் இரண்டு பேரும் எதிரெதிரே நடப்பார்கள், பார்க்காமல். கெசையா ஒருத்திதான் அவளை விடாமல் மிஸ் டெவெரல் என்று சொன்னவள்.

நாற்பது வருடம் எப்படியோ ஓடிவிட்டது. 1922, மார்ச் இருபத்தைந்தாம் தேதி குத்தகை முடிகிறது. கேப்டன் காலமாகி நாளாயிற்று. புதிய செயலாளர் டில்லி, ஒரு மெல்லிய மீசைக்காரர், பிப்ரவரியில் புதுப் பத்திரத்தோடு வந்தார். இன்னொரு நாற்பது வருடத்துக்கு.

"போடறேன்," என்றாள் கெசையா. "ஒரு வாக்கியம் கேக்கணும், போடறேன். உங்க தலைவி இங்க வந்து, எண்பத்தஞ்சாம் வருஷம் அந்தப் பந்து உள்ள விழுந்துச்சுன்னு சொல்லட்டும்."

"எந்தப் பந்து மேடம்?"

"அவங்களுக்குத் தெரியும். வரலேன்னா இருபத்தஞ்சாம் தேதி காலையில ஏர் எறங்கும். உழவனுக்குச் சொல்லியாச்சு. ஓட்ஸ் வெதைக்கப் போறேன். மண்ணு நல்ல மண்ணு, நாப்பது வருஷமா சும்மா கெடக்கு."

டில்லி சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நாலு தடவை நடந்தார். வாடகையை இரண்டு மடங்காக்குகிறோம் என்றார், வக்கீலை அழைத்து வந்தார், போரில் இறந்த கிளப் பையன்களின் பெயர்ப் பலகை அங்கே இருக்கிறது என்றார். பலகையைக் கோவிலுக்குத் தன் வண்டியிலேயே அனுப்பித் தருவதாகக் கெசையா சொன்னாள். இருபத்துமூன்றாம் தேதி, உழவன் கலப்பையைக் கொண்டுவந்து வேலியோரம் நிறுத்திவிட்டுப் போனான்.

இருபத்துநாலாம் தேதி காலை, கடை வாசலில் ஒரு மோட்டார் கார் நின்றது. லவினியா இறங்கினாள், ஐம்பத்தொன்பது வயது. முதுகு மட்டும் மட்டைபோல நேராக இருந்தது. அந்தக் கடைப்படியை அவள் ஏறுவது அதுதான் முதல் தடவை. உள்ளே மீன்கடைக்காரன் கார்னர், தன் வண்டிக் குதிரைக்குத் தவிடு வாங்க நின்றிருந்தான். அவன் தொப்பியைத் தொட்டு நகரப் பார்த்தான்.

"நில்லு கார்னர்," என்றாள் கெசையா. "உனக்கு இன்னும் அளக்கல."

லவினியா கையுறையைக் கழற்றாமல் பத்திரத்தை மேசைமேல் வைத்தாள். "பந்து உள்ளதான் விழுந்துச்சு. கோட்டுமேல. பாத்தேன், கால வச்சுத் தேச்சேன். போதுமா? உங்களுக்காகச் சொல்றேன்னு நெனைக்க வேணாம். புல்லுக்காகச் சொல்றேன்."

கெசையா காத்திருந்தாள். முப்பத்தேழு வருடமாக அந்த வாக்கியத்தை எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறாள், மூட்டை தைக்கும்போது, ரயிலில், அப்பாவைப் புதைத்த அன்றுகூட. நெஞ்சில் ஏதோ இறங்கும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் இறங்கவில்லை. அரைப்படித் தவிட்டின் எடைகூட அதற்கு இல்லை. அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"அப்ப எதுக்குக் கை தட்டினீங்க?" என்றாள். கேட்ட பிறகுதான், தனக்கு வேண்டியிருந்த கேள்வி இதுதான் என்று அவளுக்கே தெரிந்தது. "ஏமாத்திட்டு, மட்டையில தட்டினீங்களே. கேலிக்கா?"

லவினியா முதன்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். "இல்ல. எங்களால நம்ப முடியல, அதான். புள்ளிய விட்டுக்குடுக்கற அந்தப் பழக்கம் எல்லாம் முதல் செட்டுல, போனா போகுதுன்னு இருக்கற புள்ளிக்கு. கோப்பையே தொங்கிட்டிருக்கும்போது யாரு விட்டுக்குடுப்பா? எங்கள்ல ஒருத்தரும் செஞ்சதில்ல. செய்யவும் மாட்டோம். நீங்க திணறுவீங்க, பாக்கலாம்னுதான் நான் அப்படி நின்னேன். நீங்க நெஜமாவே வலையில அடிச்சீங்க. கைதட்டாம வேற என்ன செய்யறதாம்?"

கார்னர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இவ்வளவு நாள் கெசையா, தன்னிடமிருந்து ஒரு கோப்பையைத் திருடினார்கள் என்று நினைத்திருந்தாள். அவர்களே நம்பாத ஒரு மரியாதையைச் சொல்லிக்கொடுத்து, அதை ஒருத்தி நம்பினாள் என்று அதிசயப்பட்டிருக்கிறார்கள். அந்தப் பதினாலு கோடையிலும் அந்தத் திடலில் அவர்களுடைய சட்டப்படி ஒரு தடவையாவது ஆடியவள் தவிட்டு மூட்டை ஒருத்திதான். கெசையாவுக்குக் கண் கலங்கியது. அதை இந்த மனுஷி பார்க்கக் கூடாது என்று பத்திரத்தை இழுத்துக் குனிந்தாள்.

புதுப் பத்திரத்திலும் அப்பாவின் பழைய வரி அப்படியே இருந்தது. 'கெசையா பார்ஜெட்டர் ஆடுவாள்.' அவள் தன் பெயரை ஒரே கோடாக அடித்தாள். மேலே எழுதினாள், நிதானமாக, கணக்குப் புத்தகத்து எழுத்தில். 'ஹார்ப்ரூக்கில் கடை வைத்திருப்பவர் எவரானாலும், அவர் பெண்கள் அனைவரும்.' பிறகு கையெழுத்துப் போட்டுத் திருப்பி வைத்தாள்.

லவினியா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். கழுத்துவரை சிவந்தது. "இது பேச்சுல இல்ல."

"கையெழுத்துப் போடறேன்னேன், போட்டுட்டேன். கடைக்காரி வாக்கு. பக்கத்துல உங்க எழுத்தும் வேணும், மிஸ் டெவெரல். இல்லேன்னா கலப்ப வேலியோரமா நிக்குது, பாத்திருப்பீங்க."

"எல்லாக் கடையுமா? கசாப்புக் கடையும்? இவனுக்கு," லவினியா கார்னரைத் திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் காட்டினாள், "மூணு பொண்ணு இருக்கு!"

"நாலும்மா," என்றான் கார்னர்.

லவினியா அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். வெளியே கார் உறுமிக்கொண்டிருந்தது. கடைசியில் பேனாவை வாங்கி, தன் பெயரின் முதல் எழுத்துகளை ஓரத்தில் கிறுக்கினாள். மை காய்வதற்குள் காகிதத்தை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு கதவுக்குப் போனாள்.

"இன்னொரு விஷயம்," என்றாள் கெசையா. லவினியா நின்றாள், திரும்பவில்லை. "புள்ளிய விடற பழக்கத்த அந்தப் பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுக்காதீங்க. அவங்களும் நம்பிடப் போறாங்க."

கதவுமணி அடித்தது, கார் போனது. கெசையா கோப்பையைத் தவிட்டுக்குள் அமுக்கி எடுத்தாள். கதவைப் பார்த்துக்கொண்டே தூக்கியதில் பாதி மேசைமேல் சிந்தியது. கார்னர் சாக்கை விரித்துப் பிடித்தான். அவள் கோப்பையை மறுபடி நிரப்பி, வாயைச் சமமாகத் தட்டி, சரியாக அரைப்படி போட்டாள்.